பாய்லர் ஊட்டநீரில் ஹைட்ரசினை அளவிடும் முறை

அனல்மின் நிலையத்தின் வேதி ஆய்வகத்தில் ஷிஃப்டுக்கு ஒருமுறையேனும் செய்யப்படும் சோதனைகளுள், செய்வதற்கு மிக எளிதானதும் செய்தவரை மிக எளிதாக ஏமாற்றிவிடுவதும் ஹைட்ரசின் சோதனையே. நீரை எடுத்து, மருந்துக் கரைசலை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து மஞ்சள் நிறத்தைக் கருவியில் படிக்க வேண்டும். மூன்று வரிகளில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கருவி காட்டும் எண் நம்பத்தக்கதா என்பது, மருந்தை ஊற்றுவதற்கு வெகு முன்பே, மாதிரிக் குழாயடியிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஆகவே இக்கட்டுரையில் கருவியைவிட மாதிரிக்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

என்ன அளவை அளக்கிறோம்

நீரில் கரைந்த வாயுக்களை வெளியேற்றும் டீஏரேட்டரைக் கடந்து வரும் ஊட்டநீரில் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஆக்சிஜனையும் நீக்குவதற்காக ஹைட்ரசின் செலுத்தப்படுகிறது. ஒரு மூலக்கூறு ஹைட்ரசின் ஒரு மூலக்கூறு ஆக்சிஜனுடன் வினைபுரிந்து நைட்ரஜனையும் நீரையும் மட்டுமே தருகிறது. இரண்டின் மூலக்கூறு எடையும் ஏறத்தாழ 32 என்பதால், ஒரு கிராம் ஆக்சிஜனுக்கு ஒரு கிராம் ஹைட்ரசின் என்று மனக்கணக்காகவே போட்டுக்கொள்ளலாம். சோடியம் சல்ஃபைட்டைப் போல நீரில் உப்பைச் சேர்க்காமல் வேலையை முடித்துவிடுவதால்தான், உயர் அழுத்தப் பாய்லர்களில் இது இவ்வளவு காலம் நிலைத்து நின்றது. வினைபுரியாமல் மிஞ்சுவது பாய்லரின் வெப்பத்தில் அம்மோனியாவாகவும் நைட்ரஜனாகவும் சிதைந்துவிடும். ஆக்சிஜன் போனபின் ஊட்டநீரில் எஞ்சியிருக்கும் அளவைத்தான் நாம் தேடுகிறோம். பல நிலையங்களில் அது லிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை, அதாவது ஆய்வகப் பேச்சில் 10 முதல் 20 பிபிபி வரை இருக்கும்படி வைத்துக்கொள்வார்கள்.

20 பிபிபி எவ்வளவு சிறியது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் 12,000 லிட்டர் லாரி முழுவதிலும் சேர்த்துக் கால் கிராம்கூட இராது. அந்தக் கால் கிராமும் காற்று பட்டால் கரைந்து மறைகிற பொருள். இந்த இரண்டு உண்மைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் நிபந்தனைகள் எவையும் வீண் கண்டிப்பாகத் தோன்றமாட்டா.

மாதிரி எடுத்தல்

நான் பணியில் சேர்ந்த புதிதில், ஓர் இரவு ஷிஃப்டில், ஊட்டநீர் மாதிரியைச் சாதாரண பாட்டிலில் பிடித்து மேசையில் வைத்துவிட்டு, சிலிக்காவையும் பாஸ்பேட்டையும் முடித்தபிறகு கடைசியாக ஹைட்ரசினைப் பார்த்தேன். 3 பிபிபி என்று வந்தது. ஹைட்ரசினைச் செலுத்தும் டோசிங் பம்ப்பின் ஸ்ட்ரோக்கை ஏற்றச் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே போல எடுத்த மாதிரி 5 காட்டியதால், இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன். விடியற்காலையில் ஊட்டநீரின் பிஹெச் உயர்ந்திருந்தது, அம்மோனியாவும் ஏறியிருந்தது. காலை ஷிஃப்டுக்கு வந்த மூத்தவர், அமிலம் இட்ட குடுவையோடு தாமே மாதிரிக் குழாய்க்குச் சென்று எடுத்துவந்து படித்தபோது 60-ஐத் தாண்டியது. ஹைட்ரசின் குறைவாக இருந்தது பாய்லரில் அல்ல, என் பாட்டிலில்தான்.

காரணம் எளிது. ஊட்டநீர் காரத்தன்மை உடையது. அதில் ஹைட்ரசின் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாத மூலக்கூறாக இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை எளிதில் தாக்குகிறது. கண்டென்சர் குழாய்களிலிருந்து வரும் தாமிரத்தின் சுவடு இருந்தால் அந்த வினை மேலும் விரைவுபடும். அமிலத்தில் அது ஹைட்ரசினியம் அயனியாக மாறிவிடுகிறது. அந்த வடிவில் அதைக் காற்று எளிதில் தொடுவதில்லை. எனவே மாதிரியை எடுத்துவந்து அமிலம் சேர்க்கக் கூடாது, அமிலத்தை எடுத்துச்சென்று மாதிரியைச் சேர்க்க வேண்டும். 100 மி.லி. அளவுக்குடுவையில் 1 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஆய்வகத்திலேயே பிப்பெட்டால் இட்டு, மூடி, மாதிரி ரேக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே நீரைக் குடுவையின் கழுத்தோரமாக, குமிழியும் தெறிப்பும் இல்லாமல் வழியவிட்டுக் குறி வரை நிரப்பி, உடனே மூடித் தலைகீழாகப் புரட்டிக் கலக்குங்கள். குழாயின் நுனி அமிலத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அடுத்து எடுக்கப்படும் பிஹெச் மாதிரி கெட்டுப்போகும்.

குழாயை எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும் என்ற கேள்விக்கு, “கொஞ்ச நேரம்” என்பது விடையாகாது. 60 மீட்டர் நீளமும் 8 மி.மீ. உள்விட்டமும் கொண்ட மாதிரிக் குழாய்க்குள் ஏறத்தாழ 3 லிட்டர் நீர் தேங்கியிருக்கும். நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓடினால் அந்த நீர் வெளியேறவே ஆறு நிமிடம் ஆகும். மூன்று மடங்கு நீர் வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பதினெட்டு நிமிடம். எனவே மாதிரிக் குழாயை ஷிஃப்ட் முழுவதும் மெல்லிய, மாறாத ஓட்டத்தில் விட்டுவைப்பதே சரியான வழக்கம். மூடிவைத்துத் திறப்பவர், முந்தைய ஷிஃப்டின் நீரைத்தான் சோதிக்கிறார். மாதிரி கூலரின் குளிர்நீரும் ஒழுங்காக ஓட வேண்டும். கையில் சுடுகிற நீரை எடுத்துவந்து ஆறவைப்பதற்குள் நேரமும் போகும், நீர் சுருங்கி அளவுக்குறியும் மாறும். மாதிரியும், ஒப்பிடுவதற்கான செறிவு தெரிந்த திட்டக் கரைசல்களும் ஒரே வெப்பநிலையில், 15 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள், இருக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் குளிரூட்டப்படாத அறையில் இந்த நிபந்தனை தானாக நிறைவேறாது.

கரைசல்கள்

இங்கே சொல்லப்படும் முறை, பாரா-டைமெத்தில்அமினோபென்சால்டிஹைடு என்ற பொருளைக் கொண்டு நிறம் வளர்ப்பது. ஆய்வகங்களில் அதைச் சுருக்கமாகப் பிடிஏபி என்பார்கள். மருத்துவ ஆய்வகங்களில் சிறுநீரில் யூரோபிலினோஜனைக் காண்பதற்குப் பயன்படும் எர்லிச் வினைபொருளும் இதே ஆல்டிஹைடுதான். ஜெர்மானிய வேதியியலாளர் தியோடர் கர்டியஸ் 1887-இல் கண்டறிந்த ஹைட்ரசினை இந்த ஆல்டிஹைடால் அளக்கும் நிறமாலை ஒளிமானி முறையை வாட், கிரிஸ்ப் என்ற இருவர் 1952-இல் வெளியிட்டனர். அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் டி1385 என்ற எண்ணுடைய தரமுறையின் அடிப்படையும் இதுவே. அதன் அளவீட்டு எல்லை லிட்டருக்கு 5 முதல் 200 மைக்ரோகிராம் வரை. ஒரு ஹைட்ரசின் மூலக்கூறின் இரு முனைகளிலும் ஓர் ஆல்டிஹைடு மூலக்கூறு வீதம் ஒட்டி அசைன் உருவாகிறது. அமில ஊடகத்தில் அது மஞ்சள் நிறம் பெற்று, 458 நானோமீட்டர் ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது.

வினைபொருளைத் தயாரிக்க, 4 கிராம் பிடிஏபியை 200 மி.லி. மெத்தனாலில் கரைத்து, 20 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துப் பழுப்பு நிறப் பாட்டிலில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். மெத்தனாலின் ஆவி நச்சுடையது, தீப்பற்றக்கூடியது. புகைப்போக்கி அறைக்குள் கரைப்பது அவசியம்.

மூலத் திட்டக் கரைசலுக்கு, 0.328 கிராம் ஹைட்ரசின் டைஹைட்ரோகுளோரைடை 100 மி.லி. நீரும் 10 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவையில் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். அந்த உப்பின் மூலக்கூறு எடை 104.97, அதில் ஹைட்ரசின் 32.05. ஆகவே இந்தக் கரைசலின் ஒவ்வொரு மி.லி.யிலும் 100 மைக்ரோகிராம் ஹைட்ரசின் இருக்கும். இதில் 5 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால், மி.லி.க்கு 0.5 மைக்ரோகிராம் கொண்ட வேலைக் கரைசல் கிடைக்கும். இதை அன்றன்று தயாரித்து அன்றே கொட்டிவிட வேண்டும். இந்த உப்பை நிறுக்கும்போது கையுறை கட்டாயம். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2018-இல் ஹைட்ரசினை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு மிகுந்த 2ஏ பிரிவில் வைத்தது.

அடுத்து, 99 பங்கு டிஎம் நீருக்கு (உப்புகள் நீக்கிய நீர்) 1 பங்கு அடர் அமிலம் கலந்த நீர்த்த அமிலத்தை இரண்டு லிட்டர் அளவுக்குத் தயாரித்துக்கொள்ளுங்கள். நான்கு 50 மி.லி. குடுவைகளில் வேலைக் கரைசலை முறையே 0, 1, 2, 5 மி.லி. இட்டு, இந்த நீர்த்த அமிலத்தால் குறி வரை நிரப்பினால் 0, 10, 20, 50 பிபிபி திட்டங்கள் கிடைக்கும். 200 பிபிபி வரை வேண்டுமானால் 10, 20 மி.லி. இட்ட குடுவைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நாள்தோறும் 15 பிபிபி அளக்கிற ஆய்வகத்துக்கு 200 வரை நீண்ட கோடு உதவுவதைவிட, 50-க்குள் நெருக்கமான புள்ளிகள் கொண்ட கோடுதான் உதவும் என்பது என் கருத்து. நீர்த்தலுக்கு வெறும் டிஎம் நீரைப் பயன்படுத்தக் கூடாது; அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் இந்தச் சிறிய அளவை அரித்துவிடும். அத்துடன் மாதிரியிலும் நூற்றில் ஒரு பங்கு அமிலம் இருப்பதால், மாதிரி, திட்டம், பிளாங்க் (ஹைட்ரசின் இடாத 0 பிபிபி கரைசல்) மூன்றும் ஒரே அமிலத்தன்மையில் நிற்கும்.

நிறம் வளர்த்தலும் படித்தலும்

உலர்ந்த, சுத்தமான சிறு குடுவைகளில் பிளாங்க், திட்டங்கள், மாதிரி ஆகியவற்றை 50 மி.லி. வீதம் பிப்பெட்டால் எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 மி.லி. பிடிஏபி கரைசலைச் சேர்த்துக் கலக்குங்கள். எல்லாவற்றுக்கும் இதே விகிதம் என்பதால், நீர்த்தலைக் கணக்கில் தனியே சேர்க்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்துக்கு முன் படிக்கக் கூடாது, நூறு நிமிடத்தைத் தாண்டவும் கூடாது. நான் எப்போதும் பதினைந்தாம் நிமிடத்தில் படிப்பேன். ஒரே நேரத்தில் படிக்கிற வழக்கம், நேர எல்லைக்குள் இருப்பதைவிட நல்லது.

வெள்ளைத் தாளின் மேல் குடுவைகளை வரிசையாக வைத்து மேலிருந்து பார்த்தால், 50 பிபிபி திட்டம் தெளிந்த எலுமிச்சை நிறத்தில் இருக்கும். 10 பிபிபியைப் பிளாங்க்கிலிருந்து பிரித்தறியக் கண்ணைச் சற்றே கூர்மையாக்க வேண்டியிருக்கும். வினைபொருளுக்கே மெல்லிய மஞ்சள் இருப்பதுதான் அதற்குக் காரணம். பிளாங்க் ஒவ்வொரு வாரமும் சிறிது சிறிதாக நிறம் ஏறி வருகிறதென்றால், வினைபொருள் பழையதாகிவிட்டது என்று அறிந்து புதிதாகத் தயாரியுங்கள்.

அலைநீளத்தை 458 நானோமீட்டரில் வைத்து, பிளாங்க்கால் கருவியைச் சுழியாக்கிய பின் மற்றவற்றைப் படியுங்கள். இங்கே ஒரு சிக்கனம் பலரைக் கெடுக்கிறது. கரைசலை ஊற்றி ஒளியைச் செலுத்தும் சிறு கலமான கியூவெட் 1 செ.மீ. உடையதென்றால், அதில் 10 பிபிபியின் ஒளியுறிஞ்சல் மிகச் சிறியது. கியூவெட்டின் மேல் படிந்த விரல் ரேகையே அதற்கு ஈடான எண்ணைத் தந்துவிடும். 5 செ.மீ. கியூவெட் விலை கூடியதுதான், ஆனால் இந்தச் சோதனைக்கு அது ஆடம்பரமன்று.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. 5 செ.மீ. கியூவெட்டில் 20 பிபிபி திட்டம் 0.168 காட்டியது என்றும், மற்றத் திட்டங்களும் அதே நேர்கோட்டில் விழுந்தன என்றும் கொள்வோம்; அப்படியானால் ஒரு பிபிபிக்கு 0.0084. மாதிரி 0.143 காட்டியது. மாதிரியில் இரும்பு ஆக்சைடால் சிறிது கலங்கல் இருந்ததால், பிடிஏபி இல்லாமல் மெத்தனாலும் அமிலமும் மட்டும் சேர்த்த தனிப் பிளாங்க் படிக்கப்பட்டது, அது 0.008 காட்டியது. மீதி 0.135, அதை 0.0084-ஆல் வகுத்தால் 16.1. நூறு மி.லி.யில் ஒரு மி.லி. அமிலம் என்பதற்காக 99-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 16.2. பதிவேட்டில் 16 என்று எழுதினால் போதும். தசமப் புள்ளிக்குப் பின் எழுதுகிற அளவுக்கு இந்த முறை நுட்பமானதன்று. மேலே கண்ட எண்கள் கருவிக்குக் கருவி மாறும் என்பதால், உங்கள் கோட்டை நீங்களேதான் வரைந்துகொள்ள வேண்டும்.

முடிவில் ஐயம் வந்தால், மாதிரி கொண்ட 50 மி.லி. குடுவை ஒன்றில் வேலைக் கரைசல் 1 மி.லி. சேர்த்துப் படியுங்கள். எண் ஏறத்தாழ 10 கூட வேண்டும். 5 மட்டுமே கூடினால், மாதிரியில் ஏதோ ஒன்று ஹைட்ரசினைத் தின்கிறது அல்லது நிறத்தைத் தடுக்கிறது. குளோரின் போன்ற வலுவான ஆக்சிஜனேற்றிகள் அவ்வாறு செய்யும். அனிலின் போன்ற அரோமேட்டிக் அமீன்களோ தாமே நிறம் தந்து எண்ணை உயர்த்திக் காட்டும். ஊட்டநீரில் வழக்கமாக இருக்கும் அம்மோனியா இதைப் பாதிப்பதில்லை.

நிறுத்திவைத்த பாய்லரைப் பாதுகாக்க நிரப்பிய நீரில் ஹைட்ரசின் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கும். அதை அப்படியே நிறம் வளர்த்துப் படிக்க முயல்வது வீண். ஒன்று, நீர்த்த அமிலத்தால் இரண்டு படிகளில் 2,000 மடங்கு நீர்த்துப் பாருங்கள். அல்லது அடுத்து வரும் தரம் பார்த்தலுக்கு (டைட்ரேஷன்) செல்லுங்கள்.

டிரம்மில் உள்ளதை அளத்தல்

வாங்கிய ஹைட்ரசின் ஹைட்ரேட்டின் (ஹைட்ரசினும் நீரும் சேர்ந்த வடிவம்) செறிவைச் சரிபார்க்க அயோடின் தரம் பார்த்தலே போதுமானது. ஒரு மூலக்கூறு ஹைட்ரசின், இரண்டு மூலக்கூறு அயோடினை அயோடைடாக ஒடுக்கித் தான் நைட்ரஜனாகிறது; எனவே 0.1 நார்மல் அயோடின் 1 மி.லி. என்பது 0.801 மி.கி. ஹைட்ரசினுக்குச் சமம். சிறிது நீர் இட்ட மூடியுள்ள நிறுவைக் குப்பியில் ஏறத்தாழ 1.2 கிராம் ஹைட்ரேட்டை நிறுத்து, 250 மி.லி.க்கு நீர்த்து, அதில் 10 மி.லி.யைக் கூம்புக் குடுவையில் எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட்டை நிரப்பிக் குறியைப் படித்த பின்னரே ஒரு கிராம் சோடியம் பைகார்பனேட்டைச் சேருங்கள். பைகார்பனேட் இல்லாவிட்டால் வினை முழுமையடையாது. சேர்த்துவிட்டுக் காத்திருந்தாலோ காற்று தன் பங்கை எடுத்துக்கொள்ளும். உடனே தரம் பார்த்து, முடிவை நெருங்கும்போது ஸ்டார்ச் சேர்த்து, நிலைத்த இளநீலம் தோன்றியதும் நிறுத்துங்கள்.

எடுத்தது 1.200 கிராம், செலவானது 30.6 மி.லி. என்றால், 10 மி.லி.யில் 24.5 மி.கி., 250 மி.லி.யில் 613 மி.கி. ஹைட்ரசின், அதாவது நூற்றுக்கு 51.1. இதைக் கண்டு, “80 சதவீதம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்” என்று வாங்குகைப் பிரிவுக்குக் கடிதம் எழுதிவிட வேண்டாம். டிரம்மில் எழுதியிருக்கும் 80 என்பது ஹைட்ரேட்டின் அளவு. ஹைட்ரேட்டில் நூற்றுக்கு 64 பங்குதான் ஹைட்ரசின். 51.1-ஐ 0.64-ஆல் வகுத்தால் 79.8 வருகிறது, சரக்கு சரியானதே. இதே குழப்பத்தில் டோசிங் தொட்டியின் கணக்கைப் போட்டால், செலுத்தப்படும் ஹைட்ரசின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோகும்.

காற்றிலும் மருந்துகளிலும்

டோசிங் அறையில் அம்மோனியா போன்ற நெடி வந்தால்தான் கசிவு என்று எண்ணுவது ஆபத்தான பழக்கம். ஹைட்ரசினின் நெடி ஏறத்தாழ 3 முதல் 4 பிபிஎம்மில்தான் மூக்குக்கு எட்டும். அமெரிக்கத் தொழிற்சுகாதார அமைப்பான ஏசிஜிஐஹெச் பரிந்துரைக்கும் எல்லையோ 0.01 பிபிஎம். மூக்கு எச்சரிக்கும்போது எல்லையைப் போல முந்நூறு மடங்கு கடந்திருக்கும்.

காற்றை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இட்ட குமிழிக் கலத்தின் வழியே பம்ப்பால் இழுத்து ஹைட்ரசினைப் பிடிக்கலாம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் 3503 முறையில் அது பாஸ்போமாலிப்டிக் அமிலத்தால் நீலமாக்கப்பட்டு 730 நானோமீட்டரில் படிக்கப்படுகிறது. நூறு லிட்டர் காற்றில் எல்லை அளவு இருந்தால் கலத்தில் சேர்வது 1.3 மைக்ரோகிராம், அதை 50 மி.லி. ஆக்கினால் 26 பிபிபி. ஆகவே, அதே பிடிஏபியால் உங்கள் ஆய்வகத்திலேயே முதற்கட்டமாகப் பார்த்துக்கொள்ளவும் முடியும்; சட்டப்படியான அறிக்கைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

மருந்துத் தொழிலில் நிலைமை வேறு. காசநோய் மருந்தான ஐசோனியசிட்டில் ஹைட்ரசின் மாசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஐசோனியசிட்டே ஒரு ஹைட்ரசைடு என்பதால் பிடிஏபியுடன் தானும் நிறம் தந்துவிடும். அங்கே பிரித்தெடுக்காமல் அளக்க முடியாது. ஹைட்ரசின் தனியாக வண்ணப்பகுப்புத் தூணில் நில்லாமல் ஓடிவிடும், புறஊதாவிலும் சரியாகத் தெரியாது. எனவே பென்சால்டிஹைடுடன் வினைபுரியவைத்து பென்சலசைனாக மாற்றி, உயர்திறன் திரவ வண்ணப்பகுப்பிலோ வாயு வண்ணப்பகுப்பிலோ அளக்கிறார்கள்.

கழிவு

சோதனை முடிந்த மஞ்சள் கரைசலில் மெத்தனாலும் அமிலமும் இருப்பதால் அதைத் தனிக் கழிவு ஜாடியில் சேர்த்து, கழிவு எடுப்பவரிடம் ஒப்படைப்பதே முறை. மிஞ்சிய ஹைட்ரசின் திட்டக் கரைசல்களைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் அழிக்கலாம். ஆனால் அவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. ஹைப்போகுளோரைட்டை நேரே ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். முதலில் சோடியம் ஹைட்ராக்சைடால் காரமாக்கி, நன்றாக நீர்த்து, புகைப்போக்கி அறைக்குள் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுரை அடங்கிய பின் ஒரு துளியை மாவுப் பசை தடவிய பொட்டாசியம் அயோடைடு தாளில் வைத்துப் பாருங்கள்; நீலம் தோன்றினால் ஹைப்போகுளோரைட் மிஞ்சியிருக்கிறது, ஹைட்ரசின் தீர்ந்துவிட்டது.